அருச்சுனன் தபசு (கூத்து)

அருச்சுனன் தபசு என்பது வட தமிழகத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களின்போது பல இரவுகள் தொடர்ந்து ஆடப்படும் பாரதக் கூத்துத் தொடரில் இடம்பெறும் ஒரு கூத்து ஆகும். சிவபெருமானிடமிருந்து பாசுபதம் என்னும் தெய்வப் படைக்கலத்தைப் பெறுவதற்காக அருச்சுனன் தவம் செய்யச் செல்வது இதன் கதை. அருச்சுனன் வேடம் பூண்ட கூத்தர், ஊர்ப் பொதுவிடத்தில் நடப்பட்ட உயரமான மரத்தின் மீது பாடிக்கொண்டே ஏறுவதும், அதன் உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம், பூ, திருநீறு முதலியவற்றைக் கீழே கூடியிருப்போருக்கு எறிவதும் இக்கூத்தின் முதன்மையான பகுதியாகும். பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் அவற்றை மடியேந்திப் பெறுவர். இதனால் கூத்து நடைபெறும் ஊரார் மட்டுமன்றி அயலூர்களிலிருந்தும் இந்த ஓர் இரவுக்கென மக்கள் வருவதுண்டு.

தொடரில் இக்கூத்தின் இடம்

பாரதத் திருவிழா கொடியேற்றத்துடனும் காப்புக் கட்டுதலுடனும் தொடங்குகிறது. பிற்பகலில் பாரதப் பிரசங்கியார் ஒருவர் வில்லிபாரதப் பாடல்களைப் பாடிப் பொருள் கூறுவார். அன்று பகலில் படிக்கப்பட்ட பகுதி அன்றிரவோ அடுத்த சில இரவுகளிலோ கூத்தாக ஆடப்படும். பத்து முதல் பதினெட்டு இரவுகள் வரை கூத்து நடப்பது பழைய வழக்கம். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், இராசசூய யாகம், பகடை துகில், அருச்சுனன் தபசு, கீசக வதம், கிருட்டிணன் தூது, அரவான் களபலி, அபிமன்யு வதம், கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று வரிசை செல்லும். எந்த இரவுக்கு எந்தக் கூத்து என்பதில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. ஆனால் பகடை துகிலுக்கு முன்னர் தபசு வருவதில்லை. சூதாட்டத்தில் நாட்டை இழந்து காட்டுக்குச் சென்ற பின்னரே அருச்சுனனுக்குப் புதிய படைக்கலம் தேவைப்படுகிறது.

தொடரின் ஓர் இரவில் நடந்தது அடுத்த இரவுகளிலும் மறக்கப்படுவதில்லை. பகடை துகில் இரவில் அவிழ்ந்த திரௌபதியின் கூந்தல் இறுதி நாள் வரை முடிக்கப்படாமலே இருக்கும். படுகளத்தன்று மண்ணால் செய்யப்பட்ட மிகப் பெரிய துரியோதனன் உருவத்தின் தொடையைப் பீமன் அடித்த பிறகுதான் கூந்தல் முடிப்பு. அதன் பின் தீமிதி, தருமர் பட்டாபிசேகம் ஆகியவற்றுடன் விழா நிறைவடையும். இந்த நீண்ட வரிசையில் தபசு என்பது ஓர் இடைநிலை. அதற்கு முன் வந்தது இழப்பின் இரவு, பின் வருபவை பெரும்பாலும் போரின் இரவுகள். நடுவில் பாண்டவர் பக்கம் ஏதேனும் ஒன்றைப் பெறும் இரவு இது மட்டுமே எனலாம்.

கதையும் மூலமும்

இக்கதை வியாச பாரதத்தின் வன பருவத்தில் வருகிறது. வடமொழியில் பாரவி இயற்றிய கிராதார்ச்சுனீயம் இதனையே பொருளாகக் கொண்ட காப்பியம். தமிழில் வில்லிபுத்தூரார் தம் பாரதத்தின் ஆரணிய பருவத்தில் அருச்சுனன் தவநிலைச் சருக்கம் என்று தனிச் சருக்கமே அமைத்துள்ளார். பிரசங்கியாரின் மேடைக்கு வில்லிபாரதமும், பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த நல்லாப்பிள்ளை பாரதமும் அடிப்படை நூல்கள். கூத்தர்கள் ஆடுவது இவற்றை அப்படியே அன்று. வாத்தியார்கள் வழிவழியாகக் கைப்பட எழுதி வைத்திருக்கும் பிரதிகளும், இருபதாம் நூற்றாண்டில் அச்சில் வந்த மலிவு விலைக் கூத்து நூல்களும், ஆடுவோரின் நினைவும் சேர்ந்ததே கூத்தின் பாடம்.

கதையின் சுருக்கம் வருமாறு. கௌரவரிடம் பீட்டுமர், துரோணர், கர்ணன் முதலிய பெரும் வில்லாளிகள் இருப்பதால், அவர்களை எதிர்க்கப் பாசுபதம் வேண்டும் என்று அருச்சுனனுக்கு அறிவுறுத்தப்படுகிறது. உடன்பிறந்தோரிடமும் திரௌபதியிடமும் விடைபெற்று அவன் கயிலை நோக்கிப் புறப்படுகிறான். தவத்தைக் குலைக்க அரம்பையர் வருகின்றனர். மகனைச் சோதிக்க இந்திரன் முதிய அந்தணன் வடிவில் வருகிறான். தமிழ் வழக்கில், துரியோதனன் ஏவிய மூகாசுரன் பன்றி உருக்கொண்டு அருச்சுனனைக் கொல்ல வருகிறான். அப்போது சிவன் வேடனாகவும் உமை வேட்டுவச்சியாகவும் அங்கே தோன்றுகின்றனர். பன்றியின் மேல் இரண்டு அம்புகள் பாய்கின்றன. கொன்றது யார் அம்பு என்பதில் வாய்ச்சண்டை எழுந்து, அது வில் போராகவும் மற்போராகவும் முற்றுகிறது. நாண் அறுந்த வில்லாலேயே அருச்சுனன் வேடனை அடிக்கிறான். அந்த அடி உலகத்து உயிர்கள் எல்லாவற்றின் மேலும் பட்டதாக வில்லிபுத்தூரார் பாடியுள்ளார். பின்னர் சிவன் தம் உருவைக் காட்டிப் பாசுபதத்தை அளிக்கிறார்.

மாமல்லபுரத்தில் பல்லவர் காலத்தில், ஏழாம் நூற்றாண்டில், செதுக்கப்பட்ட பெரும் பாறைப் புடைப்புச் சிற்பமும் அருச்சுனன் தபசு என்றே வழங்கப்படுகிறது. ஒற்றைக் காலில் நின்று தவம் செய்யும் உருவம் அருச்சுனனா, கங்கையைக் கொணர்ந்த பகீரதனா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உள்ளது. ஊர் மக்கள் அதனை அருச்சுனன் என்று கொண்டமைக்குக் கூத்தும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

தபசு மரம்

தபசு மரத்திற்குப் பெரும்பாலும் நேரான, முதிர்ந்த பனை தேர்ந்தெடுக்கப்படுகிறது. வெட்டுவதற்கு முன் மரத்திற்குப் பூசை செய்யப்படும். மரத்தைக் கொண்டுவந்து சீர்செய்து, மஞ்சள் பூசி, ஏறுவதற்கு ஏற்றவாறு இருபுறமும் நீளும் குறுக்குக் கட்டைகளைப் படிகளாக அடித்து, உச்சியில் ஓர் ஆள் நிற்கவும் அமரவும் போதிய சிறு பரணையும் அமைப்பர். நட்டு முடித்தபின் அது மரமாகக் கருதப்படுவதில்லை. கயிலை மலையாகக் கருதப்படுகிறது. அடியில் ஆழமாகக் குழி எடுத்து நடுவதும், சாயாமல் கயிறு இழுத்துக் கட்டுவதும் ஊரில் இவ்வேலை தெரிந்த பெரியவர்களின் பொறுப்பு. கூத்துக் குழு வெளியூரிலிருந்து வருவது. மரமோ ஊராரால் நடப்படுவது. ஏறுபவரின் உயிர் அவர் அறியாத கைகள் நட்ட மரத்தில் இருக்கிறது என்பதை இக்கூத்தைப் பற்றி எழுதுவோர் அடிக்கடி மறந்துவிடுகின்றனர்.

அருச்சுனன் வேடம் ஏற்பவர் காப்புக் கட்டி நோன்பிருப்பார். மரம் ஏறும் வேளை ஊருக்கு ஊர் மாறும். சில ஊர்களில் இரவுக் கூத்தின் முடிவில் விடியற்காலையிலும், சில ஊர்களில் பகலிலும் ஏறுவர். அரங்கில் உடன்பிறந்தோரிடம் விடைபெறும் காட்சி முடிந்ததும் அருச்சுனன் அங்கிருந்து இறங்கி, கூட்டத்தின் நடுவே நடந்து மரத்தடிக்கு வருவார். அந்த நடையிலிருந்தே அவர் கூத்தராக அன்றி அருச்சுனனாக நடத்தப்படுகிறார். மக்கள் காலில் விழுவர். பெண்கள் தண்ணீர் ஊற்றி வழிபடுவர்.

ஒவ்வொரு படியிலும் நின்று ஒரு பாடல் பாடி, அதன் பின்னரே அடுத்த படிக்குக் கால் வைப்பது மரபு. கீழே முகவீணையும் மிருதங்கமும் அவருக்கு ஈடு கொடுக்கும். கனத்த வேடத்துடன் மரம் ஏற இயலாது என்பதால், தவக்கோலத்திற்குரிய எளிய உடையுடனே ஏறுவர். ஆகவே அரங்கில் கிரீடமும் புயக்கட்டைகளும் அணிந்து வீறுடன் சுழன்றாடிய அதே ஆள், மரத்தின் மேல் சிறுத்து, தனித்து, ஒரு மனிதனாகத் தெரிவார். கூட்டம் அமைதியாவது இந்த இடத்தில்தான்.

உச்சியை அடைந்தபின் அங்கு வைத்துக் கொண்ட பூசைப் பொருள்களால் சிவனுக்கு வழிபாடு நடத்துகிறார். பின்னர் எலுமிச்சம்பழம், வாழைப்பழம், வெற்றிலை, பூ, குங்குமம், திருநீறு ஆகியவற்றை நான்கு திசையிலும் எறிவார். பிள்ளைப்பேறு வேண்டிய பெண்கள் நோன்பிருந்து, ஈரப் புடவையுடன் மரத்தைச் சுற்றித் தரையில் விழுந்து கிடப்பதும், பின் எழுந்து முந்தானையை ஏந்தி நிற்பதும் வழக்கம். மடியில் விழுந்த பழத்தை உண்டால் கரு உண்டாகும் என்பது நம்பிக்கை. பிள்ளை பிறந்த பின் அடுத்த விழாவில் குழந்தையுடன் வந்து நேர்த்திக்கடன் செலுத்துவோரும் உண்டு. கூத்தின் கதையில் அருச்சுனன் கேட்பது பகைவரைக் கொல்லும் படைக்கலம். கீழே நிற்பவர்கள் கேட்பது குழந்தை. இவ்விரண்டும் எப்படிச் சேர்ந்தன என்பதற்கு மூலநூல்களில் விளக்கம் இல்லை. மரத்தின் உச்சியில் தவம் பலிக்கும் கணத்தில் அருகில் இருப்போர் வேண்டுதலும் பலிக்கும் என்பதே மக்கள் கூறும் காரணம்.

குழந்தை இல்லாமையைப் பெண்ணின் குறையாக மட்டுமே கொள்ளும் வழக்கத்தை இச்சடங்கு உறுதிப்படுத்துகிறது என்ற விமரிசனம் பொருளற்றது அன்று. ஆயினும், வீட்டிற்குள் வாய்விட்டுக் கூற இயலாத துயரத்தை ஊர் அறிய வெளியில் வைப்பதற்கு அந்தப் பெண்களுக்குக் கிடைக்கும் சில இடங்களில் இதுவும் ஒன்று என்பதையும் மறுப்பதற்கில்லை.

வேடனும் கட்டியங்காரனும்

மரம் இறங்கிய பின் பன்றி வேட்டையும் வேடன் வருகையும் நடைபெறும். இப்பகுதி பெரும்பாலும் நகைச்சுவையாக அமையும். கட்டியங்காரன் வேடனின் துணையாளாக மாறி, பன்றி யாருக்கு உரியது என்ற வழக்கில் ஊர்ப் பஞ்சாயத்து மொழியில் நியாயம் பேசுவான். சற்று முன் தொழுது நின்ற கூட்டம் இப்போது வாய்விட்டுச் சிரிக்கும்.

கட்டியங்காரன் எல்லாக் கூத்துகளிலும் இன்றியமையாதவன். திரைக்குப் பின் நிற்கும் பாத்திரத்தை யார், எந்த நாடு, எதற்கு வந்தீர் என்று வினவி அவையோருக்கு அறிமுகம் செய்வது அவனே. காவலாளி, தூதன், பாங்கன், முனிவரின் சீடன் எனத் தேவையான சிறு பாத்திரங்களையும் அவனே ஏற்பான். கதையின் காலத்திலும் பார்வையாளரின் காலத்திலும் ஒரே நேரத்தில் இருக்க உரிமை பெற்றவன் அவன் ஒருவன்தான். மின்தடை, ஊர்த் தேர்தல், மழையின்மை எல்லாம் அவன் வாயில் பாரதத்திற்குள் நுழையும். எழுதப்பட்ட பாடம் அவனுக்கு மிகக் குறைவு. பெரும்பகுதி அவ்வப்போது தோன்றும் பேச்சு.

பழவேற்காடு ஏரிப் பகுதி

பழவேற்காடு ஏரி இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளன. பாரதக் கூத்தின் மையப் பகுதியாகச் செஞ்சி, திருவண்ணாமலை, காஞ்சிபுரம் வட்டாரங்களைக் கருதினால், இந்த ஏரிக்கரை அதன் வடகிழக்கு ஓரம் ஆகும். வட தமிழகக் கடற்கரை மீனவச் சிற்றூர்களில் அம்மன் கோயில் திருவிழா இரவுகளில் கூத்து விடிய விடிய நடப்பது வழக்கம். ஏரியின் வடக்கே தெலுங்கு வழங்கும் பகுதியில் இதே விழா தருமராசர் கோயில்களில் நடைபெறுகிறது. அங்கே பகலில் அரிகதையும் இரவில் வீதி நாடகமும் நடக்கும். அருச்சுனன் ஏறும் மரத்திற்குத் தெலுங்கில் தபசு மானு என்று பெயர். மொழி மாறினாலும் மரம் மாறவில்லை. 1950களில் வரையப்பட்ட மாநில எல்லையைக் கூத்து பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

இவ்வகை விழாவின் செலவை ஊர் எவ்வாறு பகிர்ந்து கொள்கிறது என்பதை விளங்கிக் கொள்ள ஏரி மீனவரின் பாடு முறை உதவும். பழவேற்காட்டில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் வலைநிலைகளை உரிமை உள்ள ஊர்களும், ஊருக்குள் குடும்பங்களும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்பது குலுக்கலால் முடிவாகும். இதில் இடம்பெறும் குடும்பத் தலைவர் தலைக்கட்டு எனப்படுகிறார். வட தமிழகச் சிற்றூர்களில் கோயில் விழாவுக்கான வரியும் தலைக்கட்டைக் கொண்டே கணக்கிடப்படுவது பொது வழக்கம். எனவே எத்தனை இரவுக் கூத்து வைப்பது என்ற முடிவு, அந்த ஆண்டு வலையில் எவ்வளவு விழுந்தது என்பதைப் பொறுத்தது. இறால் குறைந்த ஆண்டில் பதினெட்டு இரவுக்கு வரி கேட்க எந்த ஊர்ப் பெரியவரும் துணியார்.

பங்குனி முதல் ஆடி வரை கூத்துக்கு உரிய பருவம். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளும் இழுவைப் படகுகளும் கடலில் மீன் பிடிக்க ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை தடை உள்ளது. 2017 ஆம் ஆண்டுக்கு முன் 45 நாட்களாக இருந்த இத்தடை பின்னர் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. கூத்துப் பருவத்தின் நடுப்பகுதி இத்துடன் ஒன்றிவிடுவதால், படகில் கூலிக்குச் செல்வோர் ஊரில் இருக்கும் காலமாகவும், கையில் பணம் குறைந்த காலமாகவும் அது அமைந்துவிடுகிறது.

பாத்திரமேற்பு விளையாட்டுகளுடன் ஒப்பீடு

மேலை நாடுகளில் 1974 ஆம் ஆண்டு கேரி கைகாக்சு, டேவ் ஆர்னசன் ஆகியோர் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முதலாக, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கற்பனைப் பாத்திரமேற்பு விளையாட்டுகள் பரவின. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்க, நடுவர் ஒருவர் கதையை நடத்திச் செல்வார். ஒரே பாத்திரங்களுடன் பல அமர்வுகள் தொடரும் கதை கேம்பெயின் எனப்படும். தெய்வப் படைக்கலத்தைத் தேடிச் செல்லுதல், வழியில் சோதனைகள், மாற்றுருவில் வரும் அசுரன், எதிரி என்று எண்ணியவர் கடவுளாக வெளிப்படுதல் ஆகிய தபசுக் கதையின் கூறுகள் அவ்விளையாட்டை ஆடுவோருக்கு நன்கு அறிமுகமானவை. திரைக்கு முன் நின்று வினவியும், இடைப் பாத்திரங்கள் அனைத்தையும் தானே ஏற்றும் கதையை நகர்த்தும் கட்டியங்காரன், அந்த நடுவருக்கு மிக நெருங்கியவன்.

வேறுபாடுகளும் தெளிவானவை. மேசை விளையாட்டில் முடிவு முன்னரே தெரியாது. பகடை உருட்டலில் வீரன் தோற்கலாம். கூத்தில் பகடை உருள்வது கதைக்குள் மட்டுமே, அதுவும் சகுனியின் கையில். முடிவு எல்லோருக்கும் தெரியும். ஆனால் மேசையில் வீரன் மலையிலிருந்து விழுந்தால் தாளில் சில எண்களை அழித்தால் போதும். இங்கே மரத்திலிருந்து கால் தவறினால் விழுபவர் மனிதர். மேலும், கூத்தில் பாத்திரம் ஆளை மேற்கொள்வது உண்டு. துகில் இரவிலும் படுகளத்திலும் வேடம் பூண்டவருக்கோ பார்ப்பவருக்கோ ஆவேசம் வருவதும், கற்பூரம் காட்டி அதைத் தணிப்பதும் வழக்கமான நிகழ்வுகள்.

இன்றைய நிலை

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தொடர் இரவுகளின் எண்ணிக்கை குறைந்து வருகிறது. பல ஊர்கள் இரண்டு மூன்று கூத்துகளை மட்டும் வைக்கின்றன. அவ்வாறு குறைக்கும்போதும் தபசும் பதினெட்டாம் போரும் பெரும்பாலும் விடப்படுவதில்லை. தொடர் சுருங்கினாலும் மக்கள் வேண்டுதல் சார்ந்த இரவுகள் நிலைக்கின்றன. கதைக்காக மட்டும் ஆடப்பட்ட இரவுகள் முதலில் மறைகின்றன. மரபை முழுமையாகக் கற்க விரும்பும் இளம் கூத்தருக்கு இது ஓர் இழப்பு. ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆடப்படாத கூத்தின் பாடம் வாத்தியாரின் கையெழுத்துப் பிரதியில் மட்டுமே தங்கும்.

1990 ஆம் ஆண்டு காஞ்சிபுரம் பகுதியில் பெ. இராசகோபால் முதலியோர் முயற்சியால் கட்டைக்கூத்துச் சங்கம் உருவானது. அச்சங்கம் 2002 முதல் 2020 வரை நடத்திய குருகுலத்தில் சிறுவருடன் சிறுமியரும் கூத்துப் பயின்றனர். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த மரபில் இது குறிப்பிடத்தக்க மாற்றம். திருவண்ணாமலை மாவட்டம் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் வழியினர் தெருக்கூத்து என்ற பெயரையே பேணுகின்றனர். கட்டைக்கூத்து, தெருக்கூத்து என்னும் பெயர்களில் எது பொருத்தமானது என்பது குறித்த விவாதம் நெடுநாள் நடந்தது. மர அணிகளைக் கொண்டு ஆடப்படுவதால் முன்னதும், தெருவில் ஆடப்படுவதால் பின்னதும் வந்தன. கூத்தர் பலர் கூத்து என்று மட்டும் கூறிவிடுகின்றனர். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்றினால் விழாக்கள் தடைப்பட்டபோது, பருவத்தில் ஈட்டி ஆண்டு முழுதும் உண்ணும் கூத்தர் குடும்பங்கள் பெரிதும் துன்புற்றன.

விழா யாருக்கு உரியது என்ற கேள்வியும் தீரவில்லை. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் உள்ள தருமராசா திரௌபதி அம்மன் கோயிலில் 2023 ஏப்ரல் விழாவின்போது தலித் மக்கள் உள்ளே வருவது தடுக்கப்பட்டதால் மோதல் ஏற்பட்டு, அவ்வாண்டு சூன் மாதம் அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரையிட்டனர். பின்னர் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி கோயில் திறக்கப்பட்டது.

பிற நாடுகளில்

இலங்கையின் கிழக்கில் பாண்டிருப்பு திரௌபதை அம்மன் ஆலயத்தில் பதினெட்டு நாள் விழா நடைபெறுகிறது. இங்கு தொழில்முறைக் குழு இல்லை. பாண்டவர், திரௌபதை ஆகியோராக ஊர் அடியார்களே கோலம் பூண்டு, வனவாசம், தவநிலை, தீமிதிப்பு ஆகியவற்றை நிகழ்த்துகின்றனர். தாதன் என்பவர் இந்தியாவிலிருந்து இவ்வழிபாட்டைக் கொணர்ந்ததாக ஆலய மரபு கூறுகிறது. புத்தளம் மாவட்டத்தில் கடலுக்கும் களப்புக்கும் நடுவே அமைந்த தமிழ் மீனவ ஊரான உடப்பிலும் திரௌபதை அம்மன் விழா ஆடி மாதத்தில் பதினெட்டு நாள் நடந்து தீமிதிப்புடன் முடிகிறது. உவர்நீர் ஏரியையும் கடலையும் நம்பி வாழும் ஊர் என்ற வகையில் இது பழவேற்காட்டுச் சிற்றூர்களை ஒத்தது.

சிங்கப்பூர் சவுத் பிரிட்ச் சாலையில் உள்ள சிரீ மாரியம்மன் கோயிலில் தீமிதிக்கு முந்திய வாரங்களில் பாரத நிகழ்வுகள் வரிசையாக நடத்தப்படுகின்றன. அவற்றில் அருச்சுனன் தபசும் ஒன்று. நகரின் நடுவே, கோயில் வளாகத்துக்குள், மரம் நட்டு ஏறுகின்றனர்.